தோட்டத்து வியாதி

என் வீட்டுக்காரருக்கு ஒரு அக்கா. பெயர் அத்தாயி. எங்கள் முறைப்படி நான் அவளை நங்கை என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்து, "வா கண்ணு, நீயும் ஒரு கை போடு, உலை கொதிக்குது" என்றாள். கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். யாரிடமும் சட்டென்று பேச வராத எனக்கு அது பெரிய உதவி. பேச வேண்டியதில்லை, மொச்சை உரித்தால் போதும்.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். புருஷனோடு உறவைத் தீர்த்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தவள். எங்கள் கொல்லிமலையில் அது ஒரு குற்றமில்லை. ஒத்துவராவிட்டால் நாலு பேரைக் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். வேறொருவன் கேட்டால் கட்டிக்கொள்ளலாம். கீழ்நாட்டுக்காரர்கள் இதைச் சொல்லி எங்களைக் கேலி செய்வார்கள். ஆனால் அத்தாயி வந்தது ஒத்துவராமல் அல்ல.

அவள் புருஷன் குழந்தைசாமி, வாழவந்தி நாட்டுக்காரன். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. கல்யாணமான மூன்றாம் வருஷம் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனான். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு குடையும் ஒரு சட்டையுமாகத் திரும்பி வந்தான். வந்த அன்று அவள் கோழி அடித்துச் சோறு போட்டாள். அன்று ஒரே பாயில் படுத்தார்கள். மறுநாள் காலையில் அவன் பலாமரத்தைப் பிடித்துக்கொண்டு, சிறுநீர் கழிக்க முடியாமல், அடிபட்ட மாடு மாதிரி முனகுவதைப் பார்த்தாள். அந்தச் சத்தம் எதுவென்று மலையில் எல்லாருக்கும் தெரியும். தோட்டத்து வியாதி என்பார்கள். தோட்டத்துக்குப் போனவர்கள்தான் அதைக் கொண்டுவந்தார்கள். அத்தாயி அந்தக் காலையிலேயே கட்டிய சேலையோடு நடந்து தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு வருஷத்தில் அவன் செத்துப்போனான். கடைசியில் மூக்குத் தண்டு அமுங்கிவிட்டது என்று சொன்னார்கள். சாவுக்கு அவள் போகவில்லை.

ஒரே ஒரு நாள்தான். ஆனாலும் அந்த ஒரு நாளை அவள் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். குளித்துவிட்டு வந்தால் தன் கை, கால், கழுத்து எல்லாவற்றையும் உற்றுப் பார்ப்பாள். ஒரு சின்னத் தடிப்பு தெரிந்தாலும் முகம் சுருங்கிவிடும். அது கொசுக்கடி என்று தெரிந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள். நாலு வருஷம் இப்படிப் போயிற்று. உடம்பில் ஒன்றும் வரவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆவதற்குள் அவளும் கொஞ்சம் மறந்தவள் மாதிரி ஆகியிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சென்றாயன் வந்து கேட்டான். பக்கத்து மேட்டில் வீடு. பெண்டாட்டி பிரசவத்தில் போய்விட்டாள். அம்மா அப்போது மகள் வீட்டோடு இருந்தாள். மிளகும் வாழைத்தாரும் தலையில் வைத்து அடிவாரத்து முள்ளுக்குறிச்சிச் சந்தைக்கு இறக்குகிறவன். ஒரு நாள் எங்கள் வாசலில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னான்:

"ஏனுங்க மச்சான், உங்க ஊட்டுல ரெண்டு பொம்பளைங்க இருக்கறாங்க. என்ற ஊட்டுல ஒரு பூனைகூட இல்லீங்க. இது ஞாயமுங்களா?"

"உனக்கு வேண்டியது பூனையா பொம்பளையா? தெளிவாச் சொல்லிப்போடு" என்றார் இவர்.

உள்ளேயிருந்து நங்கை குரல் கொடுத்தாள்: "பூனையையே ஓட்டிட்டுப் போகச் சொல்லு தம்பி. அவரு காச்சற கூழைக் குடிச்சுப்போட்டுப் பேசாம இருக்கறதுக்கு அதுதான் லாயக்கு."

சென்றாயன் உரக்கச் சிரித்தான். பங்குனியில் தாலி கட்டுவது என்று பேச்சாயிற்று. அது ஈஸ்வர வருஷம் கார்த்திகை மாதம்.

மார்கழியில் எங்கள் ஊருக்குச் சேங்கொட்டை வேலை வரும். சேங்கொட்டை என்பது காட்டு மரத்துக் காய். கீழே வண்ணார்கள் துணிக்குக் குறி போடுவதற்கு அதன் பால்தான் மை. காட்டைக் குத்தகை எடுத்த வெங்கிடுசாமி என்பவர் முள்ளுக்குறிச்சியிலிருந்து ஆள் அனுப்புவார். ஆண்கள் மரம் ஏறி உலுக்குவார்கள், பெண்கள் பொறுக்கிக் கொட்டையைக் கழற்றுவார்கள். பால் பட்டால் தோல் கொப்புளித்துப் புண்ணாகும். அதனால் முதலில் கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொள்வோம். வேலை முடிந்ததும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்போம். வருஷக்கணக்காகப் பொறுக்கிய கைகள் எருமைத் தோல் மாதிரி ஆகிவிடும். நங்கையின் கை அப்படித்தான். எண்ணெய் தடவ மறந்தாலும் அவள் கைக்கு ஒன்றும் ஆகாது.

கொட்டை மாதத்துக்கு ஊரில் ஒரு கட்டு உண்டு. முதல் மரம் உலுக்கும் நாளில் பூசாரி அம்மனுக்குக் கோழி அறுத்துச் சொல்லுவார். அன்று தொடங்கிக் கடைசிச் சுமை மலை இறங்கும் வரை புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பாயில் படுக்கக் கூடாது. கொட்டை பொறுக்குகிற பெண்கள் கைக்குழந்தையைத் தொட்டுக் குளிப்பாட்டக் கூடாது. வேலைக்குப் போகாத வயசாளிகள்தான் அதைச் செய்ய வேண்டும். மீறினால் அம்மன் மரத்திலிருந்து ஆளைத் தள்ளிவிடுவாள் என்பார்கள். ஏன், எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தக் கட்டை நங்கையும் சென்றாயனும் மீறினார்கள். மற்றவர்கள் ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். காவல் பரணுக்குக் கீழே துவரைக் காட்டுக்குள் இருவரும் இருந்தார்கள். நாலு வருஷமாகத் தன்னை ஒரு ஆண்பிள்ளை தொட்டதில்லை என்றும், தொட்டபோது அழுகை வந்தது என்றும், பிற்பாடு ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள். அதற்கு மேல் சொல்லவில்லை. எப்படியும் பங்குனியில் கல்யாணம்தானே என்று இருவரும் நினைத்திருப்பார்கள்.

மறுநாள் புதன்கிழமை, கொட்டை உலுக்க ஏறிய அண்ணாமலை என்பவன் மரத்திலிருந்து விழுந்து செத்தான். நாற்பது அடி உயரம். அவன் பெண்டாட்டி மாதம்மாள் கீழே எங்களோடுதான் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கிளை முறிகிற சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கியவள் அவன் கீழே வந்து சேரும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

வியாழக்கிழமை அடக்கம். புதைத்துவிட்டுத் திரும்பியதும் பூசாரி எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "கட்டை மீறுனவங்க யாரோ நம்ம கூடத்தான் உக்காந்திருக்கறாங்க. அவங்களை அம்மன் உடமாட்டா. தெரிய வந்துச்சுன்னா ஊருக்குள்ள தண்ணி கெடையாது, நெருப்புக் கெடையாது."

நங்கை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்று சொல்வதா, ஒருக்களித்துச் சாய்ந்திருந்தாள் என்பதா, தெரியவில்லை. அவள் முழங்காலை மாற்றி மாற்றி வைத்தாள். மாதம்மாள் அழுகிற இடத்தில் இவள் ஏன் இப்படி நெளிகிறாள் என்று நினைத்தேன்.

அன்று தொடங்கிற்று. காலை அகட்டி நடந்தாள். உரலில் குத்தும்போது உதட்டைக் கடித்தாள். விடிவதற்குள் ஓடைக்குப் போய், எல்லாரும் குளிக்கும் இடத்தைத் தாண்டி மேலே பாறைச் சந்துக்குள் போய்க் குளித்தாள். சேலையைக் கொடியில் போடாமல் காப்பிச் செடிக்குப் பின்னால் உலர்த்தினாள். உப்பையும் மிளகாயையும் விட்டாள். வேப்பிலை வேகவைத்த தண்ணீரை ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போவாள். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். என்ன என்று ஒரு தடவை கேட்டேன்.

"சூடு கண்ணு. உடம்புச் சூடு" என்றாள்.

சூட்டுக்கு விளக்கெண்ணெய் நல்லது என்று அவளே சொல்லிக்கொண்டு, காட்டுக்குக் கொண்டுபோகிற தேங்காய்த் தொட்டியிலிருந்த எண்ணெயை எடுத்துப்போனாள். நாங்கள் கொட்டை பொறுக்கும்போது கையைத் தோய்த்துத் தோய்த்து எடுக்கிற எண்ணெய் அது. அதைப் போட்டதும் எரிச்சல் இன்னும் ஏறிற்று. மாட்டுத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் வரக் கூடாது என்று முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

சேங்கொட்டைப் பால் பட்டிருக்குமோ என்று அவளும் நினைக்காமல் இல்லை. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கொப்புளமும் இல்லை. நாள் முழுவதும் பாலில் ஊறுகிற கைக்கு வராதது வேறெங்கே வரப்போகிறது? அதனால் அந்த நினைப்பை விட்டாள். மீதி இருந்தது இரண்டுதான். ஒன்று அம்மன் கோபம். இன்னொன்று குழந்தைசாமி அந்த ஒரு நாளில் அவளுக்குள் போட்டுவிட்டுப்போனது. அம்மன் கோபம் என்றால் ஊர் விலக்கு. வியாதி என்றால் பங்குனி இல்லை, சென்றாயனும் இல்லை. அதோடு, அவனுக்கும் அதைக் கொடுத்துவிட்டோமோ என்பதுதான் அவளை அதிகம் அரித்தது.

ஐந்தாம் நாள் என்னிடம் வந்து, "நீதான் பள்ளிக்கூடம் போனவளாச்சே. வாழவந்தி நாட்டுல வெள்ளைக்காரத் தொரசானி மருந்து குடுக்கற எடத்துல பொம்பளைகளைத் தனியாப் பாப்பாங்களா?" என்று கேட்டாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அந்த இடம் எனக்குத் தெரியும். "தொரசானி இருந்தா தனியாத்தானுங்க பாப்பாங்க" என்றேன். இருவரும் போனோம். வழி முழுவதும் அவள் நின்று நின்று நடந்தாள்.

துரைசானி அன்று இல்லை. சேலத்துக்குப் போயிருந்தாள். கம்பவுண்டர் மட்டும் இருந்தார். அவருக்கு முன்னால் நீளப் பலகையில் ஏழெட்டுப் பெண்கள். அதில் இரண்டு பேர் குழந்தைசாமியின் பங்காளி வீட்டுப் பெண்கள். நங்கையை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவள் முறை வந்ததும் கம்பவுண்டர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்னம்மா உனக்கு? சொல்லு" என்றார்.

பலகையிலிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருத்தி, "வாயத் தொற புள்ள. புருசன் சாவுக்கு வராதவளுக்கு என்ன சீக்குன்னு நாங்களும் கேட்டுக்கறோம்" என்றாள்.

"பல்லுங்க" என்றாள் நங்கை.

"எந்தப் பல்லு?"

அவள் விரலை வாய்க்குள் விட்டு ஏதோ ஒன்றைத் தொட்டுக் காட்டினாள்.

"சொத்தை ஒண்ணும் காணமே."

"உள்ளுக்குள்ள வலிக்குதுங்க."

அவர் குறடை எடுத்தார். அவள் தடுக்கவில்லை. கடைவாய்ப் பல், முழுசாக, வேரோடு வந்தது. பொட்டுக் கறைகூட அதில் இல்லை. கம்பவுண்டர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தில் போட்டார்.

திரும்பும் வழியில் அவள் ரத்தமாகத் துப்பிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் நின்று என்னைப் பார்த்தாள். "நல்லவேளை கண்ணு, காலு வலிக்குதுன்னு சொல்லாமப் போனேன்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நங்கை, நாம பல்லுக்காகப் போகலீங்கதானே?" என்றேன். "ஒண்ணும் கேக்காத" என்றாள். நான் கேட்கவில்லை. அன்றைக்கு நான் விடாமல் கேட்டு, பார்த்தும் இருந்தால், என் வாயிலிருந்து முதலில் வந்திருக்கும் வார்த்தை சேங்கொட்டை என்பதாகத்தான் இருந்திருக்கும். வெளியே தெரிகிற இடத்தில் வந்திருந்தால், மலையில் பிறந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அந்தக் கொப்புளம் தெரிந்திருக்கும். காட்டக் கூடாத இடம் என்பதால் யாரும் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஓடையில் நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது சென்றாயன் வந்தான். அவன் நடை எனக்குப் பழக்கப்பட்டதாக இருந்தது. நங்கை நடந்த மாதிரியே நடந்தான். மேலே பாறைச் சந்தில் நங்கை இருந்தாள். நான் கீழே இருந்தது அவன் கண்ணில் படவில்லை.

"உனக்கும் இருக்குதா?" என்றான். எடுத்த எடுப்பில் அதுதான்.

அவள் என்ன செய்தாளோ, தலையை ஆட்டியிருப்பாள்.

"எத்தன வருசமா?"

"ஒரு வாரமாத்தானுங்க."

"பொய் சொல்லாத. அவன் குடுத்துட்டுப் போனதை எனக்குன்னு பத்திரமா வெச்சிருந்தயாக்கும்."

"நீங்க மாசம் நாலு தடவ கீழ போறீங்க. அங்க எங்கெங்க படுக்கறீங்கன்னு நான் கேட்டேனுங்களா?"

"சாவடியில மூட்டையோட படுக்கறேன். மூட்டைக்கு வியாதி இல்ல."

"எனக்கும் இல்லீங்க. நாலு வருசமா ஒண்ணும் வரலீங்க. அம்மா மேல ஆணையா."

"அப்ப இது எங்கிருந்து வந்துச்சு? மரத்துல காச்சுதா?"

மரத்தில்தான் காய்த்தது. அதை அப்போது எங்கள் மூன்று பேரில் யாரும் அறியவில்லை. அவன் காறித் துப்பிவிட்டுப் போனான். அவள் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். நான் அலசிய துணியையே திரும்பத் திரும்ப அலசிக்கொண்டிருந்தேன்.

சென்றாயன் மலை இறங்கினான். முள்ளுக்குறிச்சிக்கு அப்பால் ஒரு ஊரில் இந்த வியாதிக்கென்றே ஒரு வைத்தியர் இருந்தாராம். பாதரசம் சேர்த்த உருண்டை. உப்பில்லாத சோறு. ஒரு மண்டலம் வெளிச்சம் படாத அறை. வாய் புண்ணாகி எச்சில் வடிந்தால்தான் வியாதி இறங்குகிறது என்று அர்த்தமாம். அவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு சொம்பு வடிந்ததாம். வியாதி நன்றாக இறங்குகிறது என்று வைத்தியர் சந்தோஷப்பட்டாராம்.

மாசிக் கடைசியில் அவன் திரும்பி வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டியிருந்தது. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினால் கை நடுங்கியது. ஆனால் கொப்புளம் போய்விட்டது. நங்கைக்கும் போய்விட்டது. ஒரு மருந்தும் தின்னாமல் மூன்றே வாரத்தில் காய்ந்து, கறுத்து, உரிந்துவிட்டது. அம்மன் இரங்கினாள் என்று அவள் ஒரு சேவலை நேர்ந்துவிட்டாள்.

பங்குனி பிறந்ததும், மகனைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்ட சென்றாயனின் அம்மா பொன்னம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"செங்கோடா, உன்ற அக்காளை நீயே வெச்சுக்க சாமி. என்ற பையனைச் சாவுல இருந்து மீட்டுக் கொண்டாந்திருக்கறேன்."

"என்னாச்சுங்க?" என்றார் இவர். அவருக்கு ஒன்றுமே தெரியாது.

"உன்ற அக்காளைக் கேளு. தோட்டத்துக்காரன் பெண்டாட்டி, தோட்டத்து வியாதியைக் கொண்டாந்து என்ற பையனுக்கு ஒட்டிப்போட்டா. கார்த்திகையிலயே கூடிட்டாங்களாம். அவனே சொன்னான்."

கார்த்திகை என்று அவன் சொன்னது எதற்கென்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. மார்கழி என்றால் கட்டு. மார்கழி என்றால் அண்ணாமலை.

இவர் திரும்பி நங்கையைப் பார்த்தார். அவள் இல்லை என்று சொல்லவில்லை. உள்ளே போய் முறத்தை எடுத்துப் புடைக்கத் தொடங்கினாள். அதுவே பதிலாயிற்று. அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மேல் சுனையில் அவள் குடம் வைத்தால் மற்றப் பெண்கள் எடுத்து ஓரமாக வைத்தார்கள். யாரும் திட்டவில்லை. "நீ கீழ் ஓடையில எடுத்துக்க அத்தாயி, உனக்கும் நடை கம்மி" என்று நயமாகவே சொன்னார்கள். அவள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் சாணித் தண்ணீர் தெளித்தார்கள்.

அடுத்த மார்கழியில் வேலைக்கு ஆள் குறைந்து, கீழ்நாட்டிலிருந்து கருப்பாத்தாள் என்றொருத்தி வந்தாள். ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டுப் பொறுக்குவாள். கட்டெல்லாம் அவளுக்குத் தெரியாது. குழந்தை வெளிக்கிருந்தால் ஓடிப்போய் அந்தக் கையாலேயே கழுவிவிடுவாள். மூன்றாம் நாள் குழந்தை வீறிட்டு அழுதது. எதைச் செய்தும் நிற்கவில்லை. கருப்பாத்தாள் துணியை விலக்கிக் காட்டி, "ஐயோ, என்ற புள்ளைக்கு அம்மை போட்டிருச்சுங்க" என்று கத்தினாள்.

நாங்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். அண்ணாமலையின் பெண்டாட்டி மாதம்மாள் அடித்தாற்போலச் சொன்னாள்:

"அம்மையுமில்ல கிம்மையுமில்ல. சேங்கொட்டைக் கையில கழுவுனயா?"

"என்ற கைக்கு ஒண்ணுமே இல்லீங்களே!"

"உள்ளங்கைத் தோலு செருப்புத் தோலு புள்ள. அதுக்கு என்ன ஆகும்? மெத்துனு இருக்கற எடத்துலதான் அது போயிப் புடிக்கும். எண்ணெயோட சேந்து ஒட்டிக்கும், தண்ணி ஊத்துனாலும் போகாது. அதுக்குத்தான் இந்த மாசத்துல கைப்புள்ளையத் தொடாத, புருசனைத் தொடாதங்கறது. என்ற மூத்தவனுக்கு நான் இதே கூத்தைப் பண்ணியிருக்கறேன். மூணு வாரத்துல கறுத்து உரிஞ்சுபோகும், அழாத."

நான் நங்கையைப் பார்த்தேன். அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீர் கோத்த கொப்புளங்களையும் ஓரத்தில் கறுப்பாக ஓடிய கோட்டையும் பார்த்தாள். அவள் கையிலிருந்த கொட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. வாயைத் திறந்தாள். எதிரே மாதம்மாள் வெறுங்கழுத்தோடு உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டுத் தன் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நங்கை வாயை மூடிக்கொண்டாள்.

அன்று வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகாமல் மேட்டுப் பக்கம் திரும்பினாள். "நீயும் வா" என்றாள். அந்த வழியில்தான் துவரைக் காட்டில் நடந்ததை எனக்குச் சொன்னாள். மூச்சு வாங்க, பாதி ஓட்டமாகப் போய்க்கொண்டே சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிட்டாள்.

சென்றாயன் வாசலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா வீட்டில் இல்லை. நான் வேலியோரம் நின்றுகொண்டேன். நங்கை நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். குழந்தை, கொப்புளம், மாதம்மாள் சொன்னது, எண்ணெய், எல்லாம்.

"நமக்கு ஒரு வியாதியும் இல்லீங்க. உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. அந்தக் கொட்டைதானுங்க."

அவன் கூழை ஒரு வாய் குடித்தான். பிறகு தன் வாயைத் திறந்து காட்டினான். மேல்வரிசையில் இப்போது மூன்று பல் இல்லை.

"இது என்ன? இதுவும் கொட்டையா?"

"அது மருந்து பண்ணுனதுங்க."

"வியாதி இல்லாமயா மருந்து வேலை செஞ்சுது? ஒரு மண்டலம் சொம்பு சொம்பா வடிஞ்சுது. அத்தனையும் வியாதி. என்ற கண்ணால பாத்தேன்."

"எனக்கு மருந்தே இல்லாம மூணு வாரத்துல போயிருச்சுங்களே."

"உனக்குப் போகல. உள்ள இருக்குது. முன்ன நாலு வருசம் இருந்தாப்பல."

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "மாதம்மாளைக் கூட்டியாரட்டுங்களா? அவ சொல்லட்டும்."

அப்போதுதான் அவன் எழுந்தான். கூழ்ச் சட்டி அவன் கையில் ஆடியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "கூட்டியா. வந்து கேப்பா, எந்த மாசத்துல கொட்டைக் கையோட சேந்தீங்கன்னு. மார்கழிம்பயா? அண்ணாமலை உழுந்ததுக்கு மொத நாளும்பயா? அவ புருசனை நாமதான் தள்ளிவுட்டோம்னு அவகிட்டயே சொல்லப்போறயா? கட்டை மீறுனது நாமதான்னு தெரிஞ்சா எனக்கும் தண்ணி இல்ல, உனக்கும் தண்ணி இல்ல. வியாதிக்காரின்னா உனக்கு மட்டுந்தான். போயிரு அத்தாயி."

நங்கை அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு விளங்கிவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. விளங்கியும் அவன் அதை ஏற்கப் போவதில்லை. ஏற்றால் அந்தப் பற்களெல்லாம் சும்மா போனவையாகிவிடும். அதோடு, மருந்து தின்று வியாதியைத் தீர்த்துக்கொண்டவன் என்று அவனுக்கு ஊரில் ஒரு நல்ல பெயர் வந்திருந்தது. அதையும் விட வேண்டியிருக்கும்.

"சரிங்க" என்றாள். வேலியைத் தாண்டி வந்தவள் எனக்கு முன்னால் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

நான் மட்டும் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரரிடமாவது சொல்லியிருக்கலாம். பல நாள் வாய் வரை வந்தது. சொன்னால் மாதம்மாள் என்ன ஆவாள், நங்கை என்ன ஆவாள், எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் உண்டா என்று யோசித்து யோசித்து நாட்கள் போயின. நங்கையும் வேண்டாம் என்றாள். "வியாதிக்காரிக்குக் கீழ் ஓடையாவது இருக்குது கண்ணு" என்றாள்.

அடுத்த வைகாசியில் சென்றாயனுக்குக் கல்யாணம். வேறு நாட்டுப் பெண், பதினேழு வயது. மாப்பிள்ளைக்குப் பல் போனதற்கு ஏதோ காய்ச்சல் என்று சொன்னார்களாம். பெண் வீட்டாருக்கு அது போதுமாக இருந்தது. எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் வீட்டுக்கு ஒரு வள்ளம் அளந்து சாமையரிசி கொடுக்க வேண்டும். எனக்கு அப்போது ஏழு மாதம். குத்த முடியாது. நங்கைதான் இரண்டு நாள் உரலில் குத்திப் புடைத்து, ஒரு உமி இல்லாமல் கூடையில் வைத்தாள். எதற்கென்று தெரிந்துதான் குத்தினாள்.

பொன்னம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் வீடு வீடாக வாங்கிக்கொண்டு வந்தார்கள். கூடையைப் பார்த்ததும் பொன்னம்மாள் கையை நீட்டவில்லை. என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு அரிசியைப் பார்த்தாள்.

"இத்தன சுத்தமா இருக்குதே. யாரு கண்ணு குத்துனது?"

நங்கை கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். அவள் கால் விரல்கள் எனக்குத் தெரிந்தன.

"நான்தானுங்க" என்றேன்.

பொன்னம்மாள் அரிசியை வாங்கித் தன் கூடையில் கொட்டிக்கொண்டாள்.